வரியைக் குறைக்க மனு எழுதுமுன் வீட்டை அளந்து பாருங்கள்

சொத்து வரி பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: "வரி இவ்வளவு கூடிவிட்டதே, யாரிடம் போய் முறையிடுவது?" யாரிடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எதை வைத்து முறையிடுவது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நகராட்சி வருவாய்ப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தேன். பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். அந்த நாளில் என் மேஜைக்கு வந்த மனுக்களில் "ஏழை, கருணை காட்டுங்கள்" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் கஷ்டம் பொய் இல்லை. கருணை காட்ட வரிப் பதிவேட்டில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். பரப்பு, உபயோகம், கட்டிட வகை, வயது, தெரு இருக்கும் மண்டலம் என்று சில கட்டங்கள்தான் உண்டு. அவற்றில் எது தப்பு என்று காட்டினால் வரி தானாக இறங்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. 1994-ல் கட்டிய வீடு, கீழ்த்தளம் மட்டும். 38 அடிக்கு 30 அடி என்று அவர் சொல்வார். கூரைத் தளம் சுற்றிலும் 2 அடி வெளியே நீட்டிக் கட்டியது. 2022-க்கு முன்னால் அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டினோம். அப்புறம் 1,800 ஆனது. இப்போது மறு அளவீடு செய்ததாக அறிவிப்பு வந்திருக்கிறது: பரப்பு 1,428 சதுர அடி, வரி 2,630 ரூபாய். ஒரு செங்கல் கூட நாங்கள் புதிதாக வைக்கவில்லை. ஊர் பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் காகிதம் பென்சில் எடுத்து ஒரு பெருக்கல் போட்டேன். 38-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,140. கூரைத் தளம் சுற்றிலும் 2 அடி நீட்டியிருக்கிறது என்கிறீர்கள். நீளத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 அடி, அகலத்திலும் 4 அடி. 42-ஐ 34-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,428. அறிவிப்பில் இருக்கும் எண் அப்படியே வருகிறது. உங்கள் வீட்டை யாரும் தரையில் அளக்கவில்லை, கூரையை அளந்திருக்கிறார்கள். இப்போது பல ஊர்களில் ட்ரோன் படம் வைத்துப் பரப்பைச் சரிபார்க்கிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் கூரையின் விளிம்புதான் தெரியும், சுவர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. வரிக்குக் கணக்காவது தரைப்பரப்பு, அதாவது வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை. சுவரின் கனம் அதில் சேரும். கூரை நீட்சியும் சன்ஷேடும் சேராது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பரப்பு கால் பங்கு கூடியிருக்கிறது. 1,800 ரூபாய் வரியும் கால் பங்கு கூடினால் 2,255 ரூபாய்தானே ஆக வேண்டும்? 2,630 எப்படி வந்தது? 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த உயர்வு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். உங்கள் பழைய வரி 1,200-க்கு 50 சதவீதம் சேர்த்து 1,800 ஆனது, அது சரி. கூரையைச் சேர்த்து அளந்ததும் நீங்கள் 1,200-ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விட்டீர்கள். கூடுதல் பரப்புக்குப் பழைய 1,200 ரூபாயும் அதே கால் பங்கு கூடி 1,503 ஆகி, அதன்மேல் 75 சதவீதம் ஏறியிருக்கிறது. போட்டுப் பாருங்கள், 2,630 வரும். ஒரே அளவுப் பிழை உங்களை இரண்டு முறை அடித்திருக்கிறது. 600, 1,200, 1,800 ஆகிய கோடுகளுக்கு அருகில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். 1,190 சதுர அடி வீட்டை 1,215 என்று எழுதிவிட்டால் 25 சதுர அடி வித்தியாசம்தானே என்று விட்டுவிடக் கூடாது. அப்புறம் வருகிற உயர்வும் இந்தத் தப்புத் தொகையின் மேல்தான் ஏறும். சென்னையில் 2024-ல் 6 சதவீதம் ஏற்றினார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 38, 30 என்பது உங்கள் கணவர் சொன்ன அளவு. அதை நம்பி மனு எழுதாதீர்கள், அளந்துவிடுங்கள். நூறு அடி டேப் கட்டிடச் சாமான் கடையில் கிடைக்கும். ஸ்டீல் அல்லது ஃபைபர் டேப்பாக இருக்கட்டும், பழைய துணி டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ பூஜ்யம் இருக்கும் முனையைச் சுவரின் வெளி மூலையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தரையை ஒட்டி அளந்தால் டேப் தொங்காது. நான்கு பக்கத்தையும் அளங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றாக இருக்காவிட்டால் பயப்பட வேண்டாம், பழைய வீடுகளில் மூன்று நான்கு அங்குலம் மாறும். கோடு போட்ட நோட்டுத் தாளில் வீட்டை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் அடி அங்குலத்தை எழுதுங்கள். கூரை நீட்சியைப் புள்ளிக் கோடாக வரையுங்கள். இந்த ஒரு தாள் உங்கள் மனுவின் உயிர்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு வீட்டின் பின்பக்கம் நாய் கட்டியிருந்ததால் உள்ளே போகாமல், காம்பவுண்டுச் சுவரை வைத்து உத்தேசமாக அகலம் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார். சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்து, நாற்பது பக்க நோட்டில் வரைந்த படத்தை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு சுவருக்கும் அளவு, ஜன்னல் கூட விடவில்லை. "அம்மா, பின்பக்கம் 6 அடி உங்கள் கணக்கில் அதிகமாக இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். போய் அளந்தேன், அவர் சொன்னது சரி. அன்று மாலையே திருத்தக் குறிப்பு எழுதினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பின்பக்கம் பார்க்காமல் நான் எண் எழுதியதில்லை.

மனுவில் இவ்வளவு எழுதினால் போதும், 38, 30, 1,140 இருக்கும் இடத்தில் நீங்கள் அளந்து பார்த்த எண்களைப் போடுங்கள்: "எங்கள் வீட்டின் தரைப்பரப்பு 1,428 சதுர அடி எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வெளிச்சுவர் அளவு 38 அடிக்கு 30 அடி, பரப்பு 1,140 சதுர அடி. சுற்றிலும் 2 அடி நீண்டுள்ள கூரையும் சேர்த்து அளக்கப்பட்டதாகத் தெரிகிறது. நேரில் மறு அளவீடு செய்து பரப்பைத் திருத்தி, வரியை மறுநிர்ணயம் செய்து தர வேண்டுகிறேன்." மேலே வரிவிதிப்பு எண், அறிவிப்பின் தேதி. இணைப்பாக நீங்கள் வரைந்த படம், கட்டிட வரைபட அனுமதி நகல் இருந்தால் அது, பழைய ரசீது ஒன்று, நான்கு பக்கமும் எடுத்த போட்டோ. வரி அதிகம் என்ற வார்த்தையே மனுவில் வேண்டாம் அம்மா. அளவு தப்பு என்பது மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: என் அம்மா முன்னறையில் இட்லிக் கடை நடத்தினார்கள். 2021-ல் மூடிவிட்டோம். 10-க்கு 12 அறை அது. வீடு மொத்தம் 700 சதுர அடி. ஆனால் வீடு முழுவதும் வணிகம் என்று பதிவாகி, வரி அந்தக் கணக்கில்தான் வருகிறது. நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இது மேல்முறையீட்டில் வருமா?

பதில்: தம்பி, இங்கே இரண்டு தனித்தனித் தப்புகள் இருக்கின்றன. கடை நடந்த காலத்திலேயே வீடு முழுவதும் வணிகம் ஆகியிருக்கக் கூடாது. 120 சதுர அடி வணிகம், மீதி 580 சதுர அடி குடியிருப்பு என்று பிரித்துப் பதிந்திருக்க வேண்டும். ஒரே வரிவிதிப்பு எண்ணுக்குள் இப்படிப் பிரிக்கலாம். இரண்டாவது, கடை மூடியது பதிவேட்டுக்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுக்காமல் உபயோகம் மாறாது.

வணிகக் கட்டிடத்துக்கு அடிப்படை மதிப்பே வீட்டைவிட அதிகம். அதன்மேல் 2022-ல் சென்னை தவிர்த்த ஊர்களில் வணிகத்துக்கு 100 சதவீதம் ஏற்றினார்கள். உங்கள் 700 சதுர அடி வீடாக இருந்தால் 50 சதவீதம்தான். ஆகவே நீங்கள் கட்டிய அதிகம் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: கெடு தாண்டிப் போன பழைய ஆண்டுகளைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். உபயோக மாற்றம் பெரும்பாலும் மனு கொடுத்த அரையாண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் அடுத்தது. இந்த அரையாண்டு முடிவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். இதை "உபயோக மாற்றம்" என்றே தலைப்பிட்டுக் கொடுங்கள்.

சான்றுக்கு மின்சாரக் கட்டண ரசீதைப் பாருங்கள். அதில் 1ஏ என்று இருந்தால் வீட்டு இணைப்பு. கடைக்குத் தனி மீட்டர் இருந்து அதை ஒப்படைத்திருந்தால் அந்தக் கடிதம் இன்னும் பலமானது. தொழில் உரிமம் வாங்கியிருந்து புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கடைசி உரிமத்தின் நகலையும் வையுங்கள். முன்னறையில் இப்போது கட்டிலோ பீரோவோ எது இருக்கிறதோ, அதைப் போட்டோ எடுத்து இணையுங்கள். பழைய கடைப் பலகை இன்னும் வாசலில் தொங்கினால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: சென்னையில் ஃபிளாட். பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கு 410 சதுர அடி, கட்டிடம் 850 சதுர அடி. எது கணக்கு? பழைய கணக்குத் தாள் ஒன்றில் 10.92 என்று ஓர் எண் இருக்கிறது. அது என்ன?

பதில்: கட்டிடப் பரப்புதான் கணக்கு. நிலப் பங்கைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

10.92-ஐக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. அதை யாரும் கேட்பதில்லை. சென்னையில் தெருவுக்கு ஓர் அடிப்படை மதிப்பு வைத்து, அதைப் பரப்பால் பெருக்கி, மாத வாடகை மதிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். நீங்களே குடியிருந்தால் அதில் 25 சதவீதக் கழிவு, கட்டிடத்தின் வயதுக்கு 25 சதவீதம் வரை இன்னொரு கழிவு. ஆண்டுக்கு மாற்ற 12-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் வாடகையை 100 பங்காக்கி, 10 பங்கு நிலத்துக்கு, மீதி 90 பங்கு கட்டிடத்துக்கு என்று வைத்து, கட்டிடப் பங்கில் பத்தில் ஒன்றைப் பராமரிப்புக்காகத் தள்ளிவிடுகிறார்கள். 90 போய் 81 ஆகிறது. 81-உடன் நிலத்தின் 10 சேர்ந்தால் 91. பன்னிரண்டில் 91 சதவீதம் 10.92. உங்கள் தாளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு கழிவுகளும் கொடுத்திருக்கிறார்களா என்பது. வாடகைக்கு விட்டிருந்த ஃபிளாட்டுக்கு நீங்களே குடிவந்தால், அதையும் எழுதிக் கொடுத்தால்தான் முதல் கழிவு கிடைக்கும்.

சென்னையில் 2022-ன் உயர்வு வேறு. பழைய மாநகராட்சிப் பகுதியில் அதே நான்கு படிகளுக்கு 50, 75, 100, 150 சதவீதம். 2011-ல் புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் 25, 50, 75, 100. உங்கள் தெரு எந்தப் பக்கம் என்பதையும் சரிபாருங்கள்.

கேள்வி: எதிர் வீட்டுக்காரர் எங்களைவிடப் பெரிய வீடு, வரி பாதிதான். அவர் ரசீதைக் காட்டி முறையிடலாமா?

பதில்: செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமானால் ஒரே மண்டலம், ஒரே கட்டிட வகை, ஒரே உபயோகம், ஏறத்தாழ ஒரே வயது எல்லாம் பொருந்த வேண்டும். எதிர் வீடு ஓட்டு வீடாகவோ உங்களைவிட இருபது வருடம் பழையதாகவோ இருந்தால் ஒப்பீடு நிற்காது. அது பொருந்தினாலும், பிழை அவர் பக்கம் என்று முடிவாகி அவர் வரி ஏறிவிடும். உங்கள் வரி அப்படியே இருக்கும், ஆயுளுக்கும் முகம் பார்க்க முடியாது.

இன்னொன்று. மறு அளவீடு கேட்பது இரண்டு பக்கமும் கூரான கத்தி. மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை எடுத்து அது பதிவில் இல்லாமல் இருந்தால், ஆய்வில் அதுவும் சேரும். நீங்களே வரைபடத்தில் காட்டிவிடுங்கள். மறைத்த அறை ஒன்று தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: மனு முடிவாகும் வரை வரி கட்டாமல் இருக்கலாமா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் வேகமாக நடக்குமா?

பதில்: கட்டாமல் இருக்காதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் ஏறும். வரி செலுத்தாத மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்க மாட்டார்கள். "மறுப்புடன் செலுத்துகிறேன், சீராய்வு மனு கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். வரியைத் திருத்தக் கேட்டு நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையருக்குக் கொடுக்கும் மனுவுக்குத்தான் சீராய்வு மனு என்று பெயர். அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரி குறைந்து உத்தரவானால் கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் வரவு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு சுற்றி வந்து ஆணையர் மேஜைக்குத்தான் வரும். அது வருவதற்குள் உங்கள் கெடு போய்விடும். கெடு அறிவிப்பிலேயே போட்டிருக்கும். அறிவிப்பு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதி, உறையைப் பத்திரமாக வையுங்கள். முதல் மனு ஆணையருக்கு. அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் வெளியே வந்து விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஆணையர் உத்தரவு திருப்தி இல்லையென்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அதற்கும் மேலே நீதிமன்றம். நான் பார்த்த வரையில் அளவுத் தாள் ஒழுங்காக இருந்த மனு ஆணையர் மட்டத்தைத் தாண்டிப் போனதே குறைவு.

எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான அளவுத் தாள் நகலையும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகச் சீராய்வு மனுவைத் தள்ளிப் போடாதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள்.

கேள்வி: வரி இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் வருகிறது. நான் மனுப் போடலாமா?

பதில்: முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு விண்ணப்பியுங்கள். கெடு நெருங்கினால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள், பெயர் மாற்ற விண்ணப்பத்தின் நகலைச் சீராய்வு மனுவோடு இணைத்து. வரி ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டதால் வீடு உங்களுடையது ஆகிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம், தம்பி தங்கைகளின் பங்கு அப்படியே இருக்கிறது.

கேள்வி: மேடம், நீங்கள் சொன்னபடி சீராய்வு மனு கொடுத்தேன். வியாழக்கிழமை அளக்க வருகிறார்களாம். நான் என்ன செய்ய வேண்டும்? பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம் அம்மா. வருகிறவரும் காலையிலிருந்து பத்து வீடு ஏறி இறங்கிய மனிதர்தான். சுவர் ஓரத்தில் இருக்கும் பூந்தொட்டி, சைக்கிள், விறகு எல்லாவற்றையும் முதல் நாளே தள்ளி வைத்துவிடுங்கள், டேப் நேராகப் போக வேண்டும். நாய் இருந்தால் உள்ளே கட்டுங்கள். எல்லா அறையும் திறந்திருக்கட்டும். டேப்பின் மறுமுனையை நீங்களே பிடித்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொரு எண்ணையும் சொல்லும்போது நீங்களும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். கூரை ஓரத்தைப் பிடித்தால், "ஐயா, சுவரிலிருந்து அளக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர் தாளில் எழுதிய நீளம் அகலத்தை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வித்தியாசம் இருந்தால் உங்கள் அளவைக் கையெழுத்துக்கு மேலே எழுதி, அப்புறம் போடுங்கள்.